கடன்பற்று அட்டை: நாளைய ‘நான்’ யாருக்குச் சொந்தம்?



நம்ம பணப்பையைத் திறந்து பார்த்தால் ஒரு டச் அண்ட் கோ அட்டை கட்டாயம் இருக்கும். டோலுக்கு, எல்.ஆர்.டி.க்கு, கார் நிறுத்துமிடத்துக்கு என்று அது இல்லாமல் நாள் ஓடாது. வேலைக்குப் போய்விட்ட அண்ணன், அக்காமார்களின் பணப்பையில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு அட்டையும் இருக்கும். அது கடன்பற்று அட்டை. இரண்டும் ஒரே அளவு, ஒரே பிளாஸ்டிக். இயந்திரத்தில் தொட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். ஆனால் ஒன்று, நேற்று நாம் போட்டு வைத்த காசை எடுக்கிறது. மற்றொன்று, நாளைக்கு நாம் சம்பாதிக்கப் போகும் காசை எடுக்கிறது.

இதில் தர்மம், அதர்மம் என்று யோசிக்க ஏதாவது இருக்கிறதா? “அதெல்லாம் வெறும் வசதிதானே, எது லாபமோ அதை வச்சுக்க வேண்டியதுதான்” என்பவர்கள் ஒரு பக்கம். “கடன் வாங்குறதே தப்புப்பா, கைக்காசுல வாழ்றவன்தான் மனுஷன்” என்று சொல்லும் பெரியவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு இரண்டுமே முழுசாகச் சரியென்று படவில்லை. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நம்மில் பலர் முதல் சம்பளம் வாங்கப் போகிறோம். அன்றைக்கே பேரங்காடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைக் கூப்பிட்டு, “கார்டு எடுத்துக்குங்க, முதல் வருஷம் கட்டணம் இல்லை” என்பார்கள். அதற்கு முன்னால் இந்தக் கேள்வியை நாம் ஒருமுறை உட்கார்ந்து யோசித்துவிடுவது நல்லது.

இரண்டு அட்டைகளும் எப்படி வேலை செய்கின்றன?

டச் அண்ட் கோ 1997-இல் நம் நாட்டில் தொடங்கியது. அதன் தத்துவம் ரொம்ப எளிது. காசு போட்டால் ஓடும், தீர்ந்தால் நிற்கும். கைத்தொலைபேசிக்குப் போடும் பிரிபெய்ட் டாப்-அப்பும் அப்படித்தான், ஈ-வாலட்டும் அப்படித்தான். 20 ரிங்கிட் போட்டால் 20 ரிங்கிட்டுக்குத்தான் பயணம். எவ்வளவு கவனம் இல்லாதவனாக இருந்தாலும், அந்த அட்டையால் அவன் இழக்கக்கூடியது அதில் போட்ட காசு மட்டும்தான். மின்பொறியியல் படிப்பவர்களுக்குச் சொல்வதென்றால், அது ஒரு ஃபியூஸ். அளவுக்கு மேல் போனால் தானே அறுந்து வீட்டைக் காப்பாற்றும்.

கடன்பற்று அட்டையில் ஃபியூஸ் இல்லாமல் இல்லை. ஆனால் அது ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. பேங்க் நெகாரா 2011-இல் கொண்டு வந்த விதிப்படி, வருஷத்துக்குக் குறைந்தது 24,000 ரிங்கிட் வருமானம் உள்ளவருக்குத்தான் அட்டை கொடுக்கலாம். ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட் அல்லது அதற்குக் கீழ் என்றால், அதிகபட்சம் இரண்டு நிறுவனங்களின் அட்டைதான் வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் மாத வருமானத்தைப் போல் இரண்டு மடங்கு வரைக்கும்தான் கடன் வரம்பு. நல்ல கட்டுப்பாடுதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளத்தில் வேலைக்குச் சேரும் ஒருவர், விதியை ஒரு துளியும் மீறாமல், 12,000 ரிங்கிட் வரை கடன்படலாம். அதாவது நான்கு மாத முழுச் சம்பளம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டோலைக் கடக்கும்போதே மீதி எவ்வளவு என்று திரையில் தெரிந்துவிடும். “ஐயோ, 6 வெள்ளிதான் இருக்கு” என்று அங்கேயே மனம் கணக்குப் போடும். கடன்பற்று அட்டையில் செலவு இன்றைக்கு, கணக்கு அறிக்கை அப்புறம், பணம் கட்டும் நாள் அதற்கும் அப்புறம். குளியலறையில் வாட்டர் ஹீட்டரைத் திருப்பினால் சுடுதண்ணீர் உடனே வராது. ‘இன்னும் வரலையே’ என்று மேலும் திருப்புவோம், திடீரென்று கொதிக்கக் கொதிக்க வந்து தோலைச் சுடும். கட்டுப்பாட்டு அமைப்புகள் பற்றிய பாடத்தில் முதலிலேயே சொல்லித் தருவது இதுதான். பதில் தகவல் தாமதமாக வந்தால், நல்ல அமைப்பும் தடுமாறும். அப்படித் தடுமாறுகிறவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அவருக்குச் சூடு தெரிய நேரமாகிறது, அவ்வளவுதான்.

‘குறைந்தபட்சத் தொகை’ என்ற சின்ன எண்

மாதக் கடைசியில் வரும் அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மொத்த பாக்கி. இன்னொன்று கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அதாவது பாக்கியில் 5 விழுக்காடு. பல வங்கிகளில் அது 50 ரிங்கிட்டுக்குக் கீழே போகாது. வட்டி விகிதம் ஆண்டுக்கு 15-இலிருந்து 18 விழுக்காடு வரை. ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு 15.

அந்த ‘நல்ல வாடிக்கையாளரையே’ எடுத்துக்கொள்வோம். 3,000 ரிங்கிட் பாக்கி. அதற்கப்புறம் அட்டையைத் தொடவே இல்லை. மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் வருஷத்தில் அவர் கட்டுவது ஏறக்குறைய 1,485 ரிங்கிட். அதில் சுமார் 367 ரிங்கிட் வட்டிக்கே போய்விடும். கடன் முழுசாகத் தீர ஏறக்குறைய 52 மாதம், அதாவது நான்கு வருஷத்துக்கும் மேல் ஆகும். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 800 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். 3,000 ரிங்கிட்டுக்கு வாங்கியது ஒரு கைத்தொலைபேசி என்று வைத்துக்கொண்டால், கடன் தீரும் நாளில் அந்தத் தொலைபேசி எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணைப் பார்த்துப் பயப்படுவது சுலபம். ஆனால் என் கேள்வி அதுவல்ல. அந்த 52 மாதமும் கட்டப்போகிறவர் யார்? இன்றைக்கு ஆசைப்பட்டு வாங்கியவரா, இல்லை வேறொருவரா?

கடன் நமக்குப் புதிதா?

“இந்து தர்மம் கடனே கூடாது என்கிறது” என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. நம் மரபு முழுக்கக் கடன் இருக்கிறது. மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்பது வேத மரபு. வழிபாட்டாலும் கல்வியாலும் அடுத்த தலைமுறையை வளர்ப்பதாலும் அந்த மூன்று கடன்களையும் தீர்க்கிறோம். தமிழிலும் ‘கடன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வாங்கிய பணமும் கடன்தான், செய்ய வேண்டிய கடமையும் கடன்தான். அப்பர் சுவாமிகள் தேவாரத்தில் இந்தச் சொல்லைக் கடமை என்ற பொருளில்தான் பாடியிருக்கிறார்.

ஒவ்வொரு தைப்பூசத்திலும் பத்துமலையில் நாம் பார்ப்பது என்ன? நேர்த்திக்கடன். “முருகா, அம்மாவுக்கு உடம்பு குணமானா காவடி எடுக்கிறேன்” என்று ஒருவர் வேண்டிக்கொள்கிறார். பலன் முதலில், செலுத்துவது பிறகு. இன்றைய பேச்சில் சொன்னால், ‘இப்போ வாங்கு, பிறகு கட்டு’. அந்தக் கடனை நாம் இழிவாக நினைப்பதில்லை, புனிதமாக நினைக்கிறோம். அப்படியென்றால் அதற்கும் அட்டைக் கடனுக்கும் எங்கே வித்தியாசம்?

எனக்குத் தெரிந்த வரையில் மூன்று இடங்களில். வேண்டிக்கொண்டவர் தன் உடம்பால், தன் விரதத்தால் அதைத் தீர்க்கிறார். அம்மா வேண்டிக்கொண்டு பிள்ளை காவடி எடுப்பதும் உண்டுதான், ஆனால் அங்கே பலன் பெற்றதும் அந்தப் பிள்ளைதான். இரண்டாவது, 272 படிகளில் 5 விழுக்காடு மட்டும் இந்த வருஷம் ஏறிவிட்டு மீதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ள யாரும் நினைப்பதில்லை. ஏற்றுக்கொண்டதை முழுசாகத் தீர்க்கிறோம். மூன்றாவது, எதற்காகக் கடன்பட்டோம் என்பது அவருக்கு மறப்பதே இல்லை. ஒரு வருஷத்துக்கு முந்தைய கடன்பற்று அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

ஆக, கடன் என்பதே பாவம் அல்ல. தீர்ப்பவர் யார், எதற்காக, மனம் ஒப்பித் தீர்க்கிறாரா என்பதில்தான் அதன் தர்மம் இருக்கிறது.

பாஞ்சாலி கேட்ட கேள்வி

மகாபாரதத்தில் சூதாட்டச் சபை நம் எல்லாருக்கும் தெரியும். தருமர் செல்வத்தை இழந்தார், நாட்டை இழந்தார், தம்பிமாரை இழந்தார், தன்னை இழந்தார், கடைசியில் பாஞ்சாலியை வைத்து இழந்தார். அவளைச் சபைக்கு அழைத்துவர ஆள் போனபோது அவள் அழுதுகொண்டு கிளம்பிவிடவில்லை. திரும்பிப் போய் ஒரு கேள்வி கேட்டு வரச் சொன்னாள். அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே இழந்துவிட்ட ஒருவருக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க ஏது உரிமை? அந்தக் கேள்விக்குப் பீஷ்மராலேயே நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

கடன்பற்று அட்டையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. அட்டையைத் தொடும் ஒவ்வொரு முறையும் நாம் ஒருவரைப் பணயம் வைக்கிறோம். அவர் அந்த இடத்தில் இல்லை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்தான் நாளைய ‘நான்’. அவருக்கு வேலை போயிருக்கலாம், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருக்கலாம், அவருக்கே இந்தப் பொருள் பிடிக்காமல் போயிருக்கலாம். “அவனும் நான்தானே, என் காசு என் இஷ்டம்” என்று சொல்லலாம். சட்டப்படி அது சரி. ஆனால் கடன்பற்று அட்டையின் வசதியே, அவரை யாரோ ஒரு அந்நியர் மாதிரி நினைக்க வைப்பதில்தான் இருக்கிறது. சுகம் எனக்கு, கட்டுவது அவர். நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனின் பணப்பையிலிருந்து கேட்காமல் 200 ரிங்கிட் எடுப்போமா? எடுக்க மாட்டோம். அவரிடம் மட்டும் எடுக்கிறோம், காரணம் அவரால் இன்றைக்குச் சண்டைக்கு வர முடியாது.

கடன்பட்டாவது நெய் உண்டு சுகமாக வாழலாம் என்ற எண்ணத்தைப் பழைய நூல்கள் சார்வாகர்களின் கொள்கையாகச் சொல்கின்றன. அவர்கள் சொன்ன காரணம், எரிந்த உடல் திரும்பி வரப்போவதில்லை என்பது. அதாவது, கட்ட வேண்டியவன் இருக்க மாட்டான். நம் கர்மக் கொள்கை அதை மறுக்கிறது. செய்தவனே அனுபவிப்பான், நாளை வருகிறவனும் நீதான் என்கிறது. மறுபிறவி வரைக்கும் போக வேண்டியதே இல்லை. அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரைக்கும் போனாலே போதும்.

நம்ம குடும்பங்களில் இது ஒருவரோடு நிற்பதும் இல்லை. அண்ணன் தடுமாறினால் தங்கச்சியின் கல்லூரிச் சேமிப்பு போகும். அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போகும். அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் பொறித்திருக்கும், கட்டுவது வீடே கட்டும். பாஞ்சாலியின் கேள்வி அங்கேதான் இன்னும் கூர்மையாகிறது. பணயம் வைக்கப்பட்டவர்களில் யாராவது அந்தச் சூதாட்டத்தை விளையாடினார்களா?

“நான்தான் முழுசா கட்டிடறேனே!”

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. “மாதாமாதம் மொத்தப் பாக்கியையும் கட்டிடறேன். ஒரு சென் வட்டி இல்லை. மேலே புள்ளிகளும் கேஷ்பேக்கும் வேற. கார்டு தொலைஞ்சாலும் உடனே முடக்கிடலாம். நல்லபடியாகக் கட்டினால் நாளைக்கு வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கியும் நம்பும். இதுல என்ன தப்பு?”

தப்பு இல்லை. அப்படிக் கட்டுகிறவர், நாளைய தன்னைக் கொள்ளையடிக்கவில்லை. 1950-இல் அமெரிக்காவில் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தபோது முறையே அதுதான். மாதக் கடைசியில் முழுசாகக் கட்டிவிட வேண்டும். பாக்கியை உருட்டிக்கொண்டே போகலாம் என்ற ஏற்பாடு பின்னால்தான் பரவியது. 1958-இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா யாரும் கேட்காமலே ஏறக்குறைய 60,000 அட்டைகளை வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பியது. அந்த அட்டைதான் பிற்காலத்தில் விசாவாக மாறியது.

ஆனால் முழுசாகக் கட்டுகிறவரும் ஒன்றை யோசிக்கலாம். நமக்குக் கிடைக்கும் கேஷ்பேக் வானத்திலிருந்து விழவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் கொடுக்கும் கட்டணத்திலிருந்தும், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்களின் வட்டியிலிருந்தும்தான் வங்கிக்கு அந்த வருமானம் வருகிறது. கடைக்காரர் அந்தக் கட்டணத்தைப் பொருளின் விலையில் சேர்த்துவிட்டால், ரொக்கமாகக் கொடுக்கும் ஆயாவும் அதைச் சுமக்கிறார். அதற்காக அட்டையை வெட்டிப் போடு என்று சொல்லவில்லை. “நான் புத்திசாலி, அவன் முட்டாள், அதான் கடன்ல மாட்டிக்கிட்டான்” என்று பேசாமல் இருக்கலாம் அல்லவா? நம் புத்திசாலித்தனத்தின் ஒரு பகுதிக்கு அவரும்தான் காசு கட்டுகிறார்.

ரீலோட் அட்டை மட்டும் புண்ணியமா?

அதுவும் இல்லை. ரீலோட் செய்யும் சில இடங்களில் ஒவ்வொரு முறையும் 50 சென் கட்டணம் உண்டு. 100 ரிங்கிட்டாகப் போடுகிறவருக்கு அது அரை விழுக்காடு. கையில் காசு இல்லாமல் 10 ரிங்கிட்டாகப் போடுகிறவருக்கு 5 விழுக்காடு. இல்லாதவர்தான் அதிகம் கொடுக்கிறார். முன்கூட்டியே போட்டு வைப்பதால், நாம்தான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மாதிரி ஆகிறது, அதுவும் வட்டியில்லாமல். ராத்திரி 2 மணிக்கு அப்பாவைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், முன்பணம் கேட்கும் இடத்தில் டச் அண்ட் கோ அட்டையால் ஒன்றும் ஆகாது. அன்றைக்குக் கடன்பற்று அட்டை வைத்திருக்கும் மாமாதான் தெய்வம்.

இன்னொன்று. ஃபியூஸ் இருப்பதால் மட்டும் நாம் அடக்கமானவர்கள் ஆகிவிட மாட்டோம். காசு தீர்ந்ததால் செலவு செய்யாமல் இருப்பது வேறு, காசு இருந்தும் வேண்டாம் என்று விடுவது வேறு. ஆனால் முதலாவது இரண்டாவதுக்குப் பயிற்சி ஆகலாம். நாம் விரதம் இருக்கும்போது செய்வதும் அதுதானே? பசி வந்த பிறகு யோசிப்பதில்லை. மனம் தெளிவாக இருக்கும்போதே எல்லையைப் போட்டுவிடுகிறோம். மாதத் தொடக்கத்தில் “இந்த மாசம் வெளிச்சாப்பாட்டுக்கு 150 வெள்ளி, அவ்வளவுதான்” என்று ஈ-வாலட்டில் போட்டு வைப்பதும் ஒரு சின்ன விரதம்தான்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் அட்டை கிடையாது, ஆனால் கடன் இருந்தது. கித்தாத் தோட்டத்திலும் கம்பத்திலும் மளிகைக் கடைக்காரர் ‘555’ என்று அட்டையில் அச்சடித்த சின்ன நோட்டில் எழுதி வைப்பார். அரிசி, சீனி, மண்ணெண்ணெய். சம்பள நாளன்று தீர்ப்பார்கள். அந்தக் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. “பழைய பாக்கியை முடிச்சிடுங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்” என்று கடைக்காரரே சொல்வார். அதில் அவமானமும் இருந்தது, சில இடங்களில் ஏமாற்றும் இருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடன் கொடுத்தவருக்கு அந்தக் குடும்பம் தெரியும். நாம் மூழ்கினால் அவருக்கும் நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அட்டைக்குப் பின்னால் இருப்பது ஒரு கணினி. வரம்பு தாண்டும்வரை அது ஒரு வார்த்தை சொல்லாது.

இப்போது அதைவிட நெருக்கமாக ஒன்று நம் கைக்குள்ளேயே வந்துவிட்டது. அட்டை வாங்க 24,000 ரிங்கிட் வருமானம் வேண்டும், மாணவனுக்குக் கிடைக்காது. ஆனால் கைத்தொலைபேசிச் செயலியில் ‘பிறகு கட்டு’ பொத்தான் வருமானச் சீட்டு கேட்பதில்லை. 90 ரிங்கிட் சட்டையை மூன்று தவணையில் 30, 30, 30 என்று காட்டும்போது மூளை 90-ஐப் பார்ப்பதில்லை. இந்த வகைக் கடனையும் ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2025-இல் நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நல்லது. ஆனால் பொத்தானை அழுத்தும் விரல் நம்முடையது.

அழுத்துவதற்கு முன் மூன்று கேள்விகள்

இவ்வளவு யோசித்த பிறகு எனக்குக் கிடைத்தது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, மூன்று கேள்விகள்தான்.

ஒன்று: கட்டப்போகிற நாளில் இந்தப் பொருளோ அதன் பலனோ மிச்சம் இருக்குமா? பிடிபிடிஎன் கல்விக் கடனைக் கட்டும்போது பட்டமும் வேலையும் கையில் இருக்கும். நாளைய நான் “நல்ல வேளை வாங்கினாய்” என்பான். வேலைக்குப் போக வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கும் அப்படியே. தீபாவளிக்கு ஒரே நாள் போட்ட சட்டைக்கு, மாசி மாதத்தில் தவணை கட்டும்போது என்ன சொல்வான்?

இரண்டு: நான் கட்ட முடியாமல் போனால் யார் கட்டுவார்? அந்த ஆளின் பெயரை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். அம்மாவின் பெயரோ தங்கச்சியின் பெயரோ வந்தால், அவர்களிடம் முதலில் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அதுவே பதில்.

மூன்று: என் வலிமை எவ்வளவு? வரவுக்கும் செலவுக்கும் உள்ள உறவைப் பேசும் குறள் ஒன்றைத் திருவள்ளுவர் பணம் ஈட்டுவதைப் பற்றிய அதிகாரத்தில் வைக்கவில்லை, ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்திருக்கிறார். வருவது சிறிய வழியாக இருந்தாலும், போகும் வழி அகலாமல் இருந்தால் கெடுதல் இல்லை என்பது அதன் கருத்து. போருக்குப் போகும் மன்னன் தன் பலத்தை அளப்பதும், நாம் அட்டையைத் தொடுவதும் அவர் பார்வையில் ஒரே வகைக் கேள்வி. வங்கி கொடுக்கும் வரம்பு நம் வலிமை அல்ல. அது வங்கி நம்மேல் வைத்த கணக்கு.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடன்பட்டவரைக் கேவலமாகப் பேசுவது தர்மம் அல்ல. மருத்துவச் செலவு, வேலை இழப்பு, ஒரு சாவு, இப்படி எத்தனையோ காரணம் இருக்கும். வெட்கத்தால் மறைத்து மறைத்துத்தான் பலர் ஆலோங்கிடம் போய் விழுகிறார்கள். பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய ஏகேபிகே என்ற நிறுவனம் இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது, வங்கிகளோடு பேசித் தவணையையும் சீரமைக்கிறது. நம் இயக்கத்தின் வகுப்புகளிலும் முகாம்களிலும் தேவாரம், யோகா சொல்லிக் கொடுக்கிறோம். வருஷத்துக்கு ஒரு நாள் ஏகேபிகே ஆலோசகரைக் கூப்பிட்டு, தம்பி தங்கைகளுக்கு ஒரு கடன்பற்று அறிக்கையை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தரலாம். அதுவும் சமயப் பணிதான் என்று நினைக்கிறேன்.

வனவாசத்தின்போது ஒரு பொய்கைக்கரையில் யட்சன் தருமரிடம் பல கேள்விகள் கேட்கிறான். அவற்றில் ஒன்று, யார் மகிழ்ச்சியானவன் என்பது. தருமர், ஞானி என்றோ அரசன் என்றோ சொல்லவில்லை. கடனில்லாமல், சொந்த வீட்டில் இருந்துகொண்டு, கொஞ்சம் கீரையைச் சமைத்து உண்பவனே மகிழ்ச்சியானவன் என்கிறார். இதைச் சொன்னவர் யார் என்பதைக் கவனியுங்கள். வீட்டையும் நாட்டையும் குடும்பத்தையும் ஒரே நாளில் பணயம் வைத்து, பன்னிரண்டு வருஷம் காட்டில் அதை அடைத்துக்கொண்டிருந்த மனிதர்.

நம் மொழியில் அந்த அட்டையின் பெயரை மெதுவாகப் படித்துப் பாருங்கள்: கடன், பற்று. கணக்குப் புத்தகத்தில் பற்று என்றால் எழுதி வாங்கியது. நம் சமயத்தில் பற்று என்றால் நம்மைக் கட்டி வைப்பது. முதல் சம்பளம் வந்து, அந்த மேசையில் இருப்பவர் விண்ணப்பத் தாளை நீட்டும்போது, வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். வாங்கினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நாளைய உங்களையும் வீட்டில் இருப்பவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.